ஆற்றங்கரை மரபைக் காக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்றங்கரையில் ஒரு பழைய படித்துறை சரிந்தால் எல்லோர் கண்ணிலும் படும். அங்கே படகு கட்டியவர்களும் வலை உலர்த்தியவர்களும் வராமல் போனது யார் கண்ணிலும் படாது. மரபுப் பட்டியல் எடுக்கும்போது கட்டடங்களை மட்டும் எண்ணிவிட்டுப் போவதுதான் பெரிய தவறு. நைல் நதியில் அஸ்வான் உயரணை வந்தபோது அபு சிம்பல் கோயில்களை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து, சுமார் 65 மீட்டர் மேலே கொண்டுபோய் நிறுத்தினார்கள். மகத்தான வேலைதான். ஆனால் அதே அணையால் ஏறக்குறைய ஒரு லட்சம் நூபியர்கள் ஊரை இழந்தார்கள். ஆற்றை ஒட்டிய அவர்கள் வாழ்க்கையை அப்படிப் பெயர்த்து வைக்க முடியவில்லை. எனவே பட்டியலில் ஒவ்வொரு படித்துறைக்கும் எதிரே, அதை யார், எந்த மாதத்தில், தண்ணீர் எந்தப் படியில் நிற்கும்போது பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுங்கள். பயன்பாடு நின்றிருந்தால் ஏன் நின்றது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே பருவத்தில் கணக்கெடுப்பை முடிக்காதீர்கள். வறண்ட காலத்தில்தான் அடிப்படிகளும் அடித்தளமும் தெரியும். வெள்ளத்தில்தான் நீரோட்டம் எங்கே மோதுகிறது என்பது தெரியும். இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள்.

அடுத்தது சிமென்ட். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் சேதங்களில் இதுதான் அதிகம். ஆற்றோரச் சுவர் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக் காரை இருந்தவரை அந்த ஈரம் கற்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளின் வழியே ஆவியாகும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். பிறகு ஈரம் கல்லின் முகம் வழியே வெளியேறும். கூட வரும் உப்பு உள்ளே படிகமாகிக் கல்லைச் செதில் செதிலாக உரிக்கும். மணற்கல் போன்ற மென்கற்களில், சிமென்ட் பூச்சு வரப்புப்போல் துருத்தி நிற்க, கல் உள்வாங்கிக் கிடப்பதைப் பார்க்கலாம்.

சரியான முறை இது: இணைப்பின் அகலத்தைப்போல் இரு மடங்கு, குறைந்தது 25 மி.மீ. ஆழத்துக்குப் பழைய காரையைக் கையுளியால் சுரண்டி எடுத்து, தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கழுவிய மணல் சேர்த்து அழுத்திப் பூச வேண்டும். நீரில் இறுகும் வகைச் சுண்ணாம்பையே வாங்குங்கள். காற்றில் இறுகும் வகை தொடர்ந்து நனையும் இடத்தில் பிடிக்காது. ஒரு வாரமாவது ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். வெள்ளப் பருவத்துக்குப் பல வாரங்கள் முன்பே வேலை முடிந்துவிட வேண்டும்.

அடித்தளம் மரக்கட்டைகள் மேல் நிற்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீருக்குள் மூழ்கிய மரம் நூற்றாண்டுகள் தாங்கும். மணல் அள்ளியோ நீரைத் திருப்பியோ ஆற்றுமட்டம் இறங்கிவிட்டால், காற்றுப் பட்ட தலைப்பகுதியைப் பூஞ்சை தின்றுவிடும். மேலே சுவர் விரிசல் விட்டதும் விரிசலைப் பூசுவது பயனில்லாத செலவு. நீர்மட்டத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். கரை அரிக்கிறது என்று ஓரிடத்தில் கான்கிரீட் சுவர் எழுப்புவதும் இப்படித்தான். நீரோட்டம் சுவரின் காலடியையும் அதன் கீழ்முனைக்கு அப்பால் உள்ள கரையையும் தோண்டும்.

வெள்ளக் குறி, வறட்சிக் குறி பொறித்த கற்களை அழகுக்காக நகர்த்தவே கூடாது. செக் நாட்டின் தெச்சீனில் எல்பே ஆற்றுப்படுகையில் கிடக்கும் ‘பசிக்கல்’லில் 1616 தொடங்கி வறட்சி ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல் இருக்கும் உயரம்தான் அதன் செய்தி. அரை மீட்டர் நகர்ந்தாலும் அந்தப் பதிவு பொய்யாகிவிடும். வேலை தொடங்கும் முன்பே நிலையான ஓர் அளவுப் புள்ளியிலிருந்து உயரத்தை அளந்து குறித்துவையுங்கள்.

கடைசித் தவறு, வரைபடம் முடிந்த பிறகு கரைவாசிகளைக் கூட்டிக் கருத்துக் கேட்பது. அப்போது அவர்களால் தலையாட்டவோ எதிர்க்கவோதான் முடியும். நியூசிலாந்தில் வாங்கனுயி ஆற்றுக்கு 2017இல் சட்ட ஆளுமை (சட்டத்தின் முன் ஒரு நபருக்குரிய தகுதி) தந்தபோது, ஆற்றின் சார்பில் பேச அரசு தரப்பில் ஒருவர், மாவோரிப் பழங்குடிகளின் இவிக்கள் எனப்படும் குலங்களின் தரப்பில் ஒருவர் என்று இருவரை வைத்தார்கள். அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும் படித்துறையைப் பயன்படுத்துபவர்களை முதல் அளவீட்டு நாளிலேயே கூட அழைத்துச் செல்லலாம். எந்தப் படியில் வழுக்கும், எந்த மாதம் எங்கே மணல் மேடிடும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.