குளிர்காலத்தில் கால்வாய்க் கரையில் சைக்கிள்: முதல் முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் கால்வாய்க் கரைப் பாதை வழியாக, அதாவது டோபாத்தில், வேலைக்குப் போனால் பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகாது. அதற்காகவே குளிர்காலத்திலும் நான் இதை விடுவதில்லை. ஆனால் இது சைக்கிளுக்காகப் போட்ட பாதை இல்லை. குதிரைகள் படகைக் கயிறு கட்டி இழுத்துப்போன பாதை. இதில் வரும் சிக்கல்களில் பாதி அங்கிருந்து வந்தவைதான்.

1. லீவு நாளில் ஒரு முறை போய்ப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்கே ரோட்டுக்கு ஏறலாம், எங்கே பாதை குறுகுகிறது என்று மனதில் வையுங்கள். கால்வாய்களைப் பராமரிக்கும் அமைப்பான கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் பெரிய பழுதுவேலைகளைக் குளிர்காலத்தில்தான் செய்யும். அப்போது பாதையையும் மூடிவிடலாம். அவர்களுடைய இணையதளத்தில் அறிவிப்பு வரும்.

2. சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

முழு மட்கார்டு கட்டாயம் வேண்டும். மெல்லிய ரேஸ் டயர் வேண்டாம்; 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலம் இருக்கட்டும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள், காற்றைக் கொஞ்சம் குறைவாகவே அடியுங்கள். ஈர இலையிலும் சேற்றிலும் பிடிமானம் கிடைக்கும்.

டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. முன் விளக்கைக் கீழே சாய்த்து வையுங்கள், மின்ன விடாதீர்கள். எதிரே வருபவருக்குக் கண் கூசினால், அவருக்கு ஒரு பக்கம் தண்ணீர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

3. பாலத்துக்கு அடியில்

மிகவும் கவனம் வேண்டிய இடம் இதுதான். பழைய பாலங்களின் மூலையில் பதித்த இரும்பைப் பாருங்கள். ஈரக் கயிறு வருடக்கணக்காக உரசி அறுத்த பள்ளங்கள் இருக்கும், விரலே உள்ளே போகும். அவ்வளவு ஒட்டி வளையும் பாதை. வளைவுக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது. முன்பே பெல் அடித்து, நடக்கும் வேகத்துக்கு வந்துவிடுங்கள். ஆள் இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். இங்கே நடப்பவர்களுக்குத்தான் முன்னுரிமை.

பாலத்தின் சரிவிலும், லாக் (படகை ஏற்றி இறக்கும் மதகு) பக்கத்திலும் குறுக்கே வரிசையாகச் செங்கல் துருத்திக்கொண்டிருக்கும். குதிரையின் குளம்பு வழுக்காமல் இருக்க வைத்தது, நம் டயரை வழுக்கிவிடும். அதைச் சாய்வாகக் கடக்காமல் நேராகக் கடக்க வேண்டும். பெடல் இரண்டும் சமமாக இருக்கட்டும், அதன் மேல் பிரேக் பிடிக்காதீர்கள்.

4. உறைபனி நாள்

இந்தப் பாதைகளில் பொதுவாக ரோட்டைப் போல உப்புத் தூவுவதில்லை. வெயில் படாத பள்ளத்தில் காலைப் பனி மதியம் வரைகூட இருக்கும். பாலத்திலிருந்து சொட்டும் நீரும் தரையில் உறைந்து கிடக்கும். வாசலில் நிற்கும் கார் கண்ணாடியில் பனி படிந்திருந்தால் நான் அன்றைக்கு ரோட்டு வழியாகத்தான் போவேன். தெரியாமல் பனிக்கட்டி மேல் ஏறிவிட்டால் பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். மிதிப்பதை நிறுத்தி நேராக உருள விடுங்கள்.

தண்ணீரில் விழுந்தால் உடனே நீந்தப் பார்க்காதீர்கள். குளிர்ந்த நீர் மூச்சைத் திணறடிக்கும். மல்லாந்து மிதந்து, மூச்சு சீரானதும் கரையைப் பிடியுங்கள்.

5. பஞ்சர்

பறவைகள் கூடு கட்டும் காலம் முடிந்த பிறகுதான் வேலிச்செடிகளை வெட்டுவார்கள். அதனால் குளிர்காலத்தில் வேலியிலிருந்து வெட்டிய ஹாதார்ன் என்ற முட்செடியின் முள் பாதையெல்லாம் கிடக்கும். மாற்று ட்யூப், பம்ப், டயர் லீவர் எப்போதும் பையில் இருக்கட்டும். ஒரு முறை அவசரத்தில் ட்யூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினேன், அதே முள் புது ட்யூபையும் குத்திவிட்டது. டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவி, முள்ளை எடுத்த பிறகே ட்யூபைப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். அப்புறம் ரிம் பிரேக் என்றால், பிரேக் கட்டையில் ஒட்டிய மணலையும் துடைத்துவிடுங்கள். விட்டுவிட்டால் ரிம்மை அரித்துவிடும்.