ரோமிலிருந்து பொம்பெய்க்கு ஒரு நாள்: மாணவர் குழுக்கள் செய்யும் தவறுகள்

ஐரோப்பாவில் படிக்கும் நம் மாணவர்கள் ரோமுக்குப் போனால் ஒரு நாளை ஒதுக்கிப் பொம்பெய் போய்வர நினைப்பது வழக்கம். நினைக்க வேண்டியதுதான். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்த, நேபிள்ஸ் நகருக்கு அருகே உள்ள ஊர் அது. தெரு, சாப்பாட்டுக்கடை மேடை, ரொட்டி அடுப்பு, சுவரில் எழுதிய தேர்தல் விளம்பரம் என்று ஒரு ஊரின் அன்றாடம் அப்படியே கிடைப்பது உலகில் வெகு அபூர்வம். ஆனாலும் பல குழுக்கள் களைப்போடும் பாதி பார்த்த குறையோடும்தான் திரும்புகின்றன. தனி ஆளுக்குப் போட்ட நேரக் கணக்கையே இருபது பேருக்கும் போடுவதுதான் இதற்கு முக்கியக் காரணம். ஒருவர் கழிப்பறைக்குப் போய்வர ஐந்து நிமிடம் என்றால், இருபது பேர் போய்வரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிக்கெட் வாயிலும் ரயிலேறும் இடமும் அப்படித்தான். இதை மனதில் வைக்காமல் போட்ட திட்டம் காலை பத்து மணிக்கே தடம் புரண்டுவிடும்.

ஒரே நாளில் மூன்று இடம்

பொம்பெய், அதே வெடிப்பில் புதைந்த அண்டை ஊரான ஹெர்குலேனியம், வெசூவியஸ் உச்சி ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்ப்பதாகப் போடும் திட்டம்தான் அதிகம் தோற்கிறது. பொம்பெயின் மதிலுக்கு உட்பட்ட பரப்பு ஏறத்தாழ 66 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டப்பட்டுள்ளது. மேற்கு வாயிலான போர்த்தா மரீனாவிலிருந்து கிழக்குக் கோடியில் உள்ள வட்டரங்குக்கு நிற்காமல் நடந்தாலே ஒரு கிலோமீட்டருக்கு மேல். வீடுகளுக்குள் நுழைந்து பார்த்துக்கொண்டே போனால் நான்கு மணி நேரம் என்பது குறைந்தபட்சக் கணக்கு. வெசூவியஸுக்கோ நேரம் குறித்த தனி டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டும். பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து எரிமலை வாய்வரை சரளைப் பாதையில் ஏறவும் வேண்டும். அதற்கே அரை நாள் போய்விடும்.

ஆகவே பொம்பெயோடு இன்னும் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்றால் பொம்பெயும் ஹெர்குலேனியமும் ஒரே நாளில் முடியும். நவம்பர் முதல் மார்ச் வரை முடியாது. குளிர்காலத்தில் இரண்டு இடத்திலும் 3.30 மணிக்கே கடைசி நுழைவு, 5 மணிக்கு மூடல். அந்த மாதங்களில் பொம்பெயைப் பார்த்துவிட்டு நேபிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போவது நல்லது. அது இரவு 7.30 வரை திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. இதைக் கவனிக்காமல் செவ்வாயன்று போய் மூடிய கதவைப் பார்த்துத் திரும்பும் குழுக்கள் நிறைய. பொம்பெய்க்கு ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களில் விடுமுறை.

உங்களிடம் மொத்தமே மூன்று மணி நேரம்தான் இருக்கிறது என்றால் பொம்பெயை விட்டுவிட்டு ஹெர்குலேனியம் போங்கள். தோண்டிய பகுதி சிறியது என்பதால் குழு சிதறாது. மாடி வீடுகளும், கரியாகி நிலைத்துவிட்ட மரக்கதவுகளும் அங்கேதான் இருக்கின்றன.

டிக்கெட்டில் பெயர், கையில் அடையாள அட்டை

2024 நவம்பர் 15 முதல் பொம்பெயில் நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி. டிக்கெட்டிலும் பார்வையாளர் பெயர் இருக்கும். “போன பிறகு வாங்கிக்கொள்ளலாம்” என்ற பழைய பழக்கம் கூட்ட நாட்களில் இனி எடுபடாது. ஒருவர் பெயரில் இருபது டிக்கெட் எடுப்பதும் நடக்காது.

நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. கல்லூரி அட்டையில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து இன்னொரு பெயர், வாட்ஸ்அப்பில் கூப்பிடும் பெயர் வேறு. டிக்கெட் எடுப்பவர் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துப் பெயர்களை நிரப்பினால் வாயிலில் வாக்குவாதம் வரும். ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கப் படத்தை வாங்கி, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். அன்றைக்குப் பாஸ்போர்ட் அல்லது குடியிருப்பு அனுமதி அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும். இத்தாலியில் வெளிநாட்டவர் அடையாள ஆவணம் இல்லாமல் நடமாடுவதே சட்டப்படி தவறு.

மாணவர் அட்டை காட்டினால் சலுகை கிடைக்கும் என்று நம்பிப் பட்ஜெட் போடுவதும் தவறு. 18 முதல் 25 வயது வரையிலான 2 யூரோ சலுகை குடியுரிமையைப் பொறுத்தது. ஜெர்மனியிலோ பிரான்சிலோ படித்தாலும் இந்திய, இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் முழுக் கட்டணம் கட்டத் தயாராகப் போவதே நல்லது. ஐரோப்பிய ஒன்றியப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல், கட்டடக்கலை போன்ற துறைகளில் படிப்பவர்களுக்கு இலவச நுழைவு உண்டு. அதற்குச் சேர்க்கைச் சான்றைக் காட்ட வேண்டும். 18 வயது ஆகாதவர்களுக்கு எந்த நாட்டவரானாலும் இலவசம், ஆனால் அவர்களும் இலவச டிக்கெட் எடுத்தாக வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம் என்பதால் அன்று கூட்டம் நெரியும். இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போக உகந்த நாள் அல்ல அது.

ஊர் ஒன்று, ஸ்டேஷன் மூன்று

ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து நேபிள்ஸ் மத்திய நிலையத்துக்கு அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். மலிவு என்று மாநில ரயிலை (Regionale) பிடித்தால் இரண்டரை மணிக்கு மேல் ஆகும். போக வர இரண்டுக்கும் அதையே எடுத்தால் ஒரு தலத்தையே இழந்துவிடுவீர்கள். காலையிலாவது அதிவேக ரயிலில் போங்கள். மாநில ரயிலின் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் ஸ்டேஷனில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம்தான். குழுவாகப் போகும்போது “யாரோ குத்தியிருப்பார்கள்” என்று எல்லோருமே விட்டுவிடுவது சகஜம்.

நேபிள்ஸிலிருந்து பொம்பெய்க்கு எடுக்க வேண்டியது சிர்கும்வெசூவியானா எனும் உள்ளூர் ரயில். மத்திய நிலையத்தின் கீழ்த்தளத்தில், கரிபால்டி நிறுத்தத்தில் ஏறலாம். அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் வண்டி அதற்கு முந்தைய நிறுத்தமான போர்த்தா நொலானாவிலேயே புறப்பட்டு நிறைந்து வருகிறது. பத்து நிமிடம் நடந்து போர்த்தா நொலானாவிலேயே ஏறினால் குழு முழுவதும் ஒரே பெட்டியில் உட்காரலாம். நெரிசலில் பர்ஸும் போனும் காணாமல் போவது இந்தத் தடத்தில் புதிதல்ல. முதுகுப்பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த குழப்பம் பெயரில். சொரென்டோ போகும் வண்டியில் ஏறி “பொம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி” நிறுத்தத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து போர்த்தா மரீனா வாயில் சில நிமிட நடைதான். அதே பிளாட்பாரத்திலிருந்து பொஜ்ஜோமரீனோ போகும் வண்டியில் ஏறினால் “பொம்பெய் சாந்துவாரியோ” என்ற வேறு நிறுத்தத்துக்குப் போய்ச் சேருவீர்கள். அது தலத்தின் கிழக்குப் பக்கம், வட்டரங்கு வாயிலுக்கு அருகில் இருக்கிறது. அரசு ரயில்வேயின் “பொம்பெய்” நிலையம் இவை இரண்டும் அல்லாமல் மூன்றாவது. குழு இரண்டாகப் பிரிந்து வந்தால் “பொம்பெய் ஸ்டேஷனில் நிற்கிறோம்” என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டு ஒரு மணி நேரம் தேடுவார்கள். சந்திக்கும் இடத்தை ஸ்டேஷன் பெயரால் சொல்லாமல் வாயில் பெயரால் சொல்லுங்கள்: போர்த்தா மரீனா, பியாட்சா எஸெத்ரா, பியாட்சா அன்ஃபிதேயாத்ரோ.

வேலைநிறுத்தம் இத்தாலியில் அடிக்கடி வரும், ஆனால் முன்கூட்டியே அறிவிப்பார்கள். போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் தேதிவாரியாகப் பட்டியல் இருக்கும். அன்றும் காலை மாலை குறிப்பிட்ட நேரங்களில் வண்டிகள் ஓடும், நடுப்பகலில் நின்றுவிடலாம்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் “இன்ஃபோ பாயின்ட்” என்று பலகை மாட்டிய கடைகள் கண்ணில் படும். இவை அரசுக் கவுன்டர்கள் அல்ல, தனியார் சுற்றுலா விற்பவை. டிக்கெட் கையில் இருந்தால் நிற்காமல் நடங்கள்.

உள்ளே போன பிறகு

30 × 30 × 15 சென்டிமீட்டரைவிடப் பெரிய பைக்கு உள்ளே அனுமதி இல்லை. பொருள் வைப்பறை இலவசம்தான், ஆனால் வைக்கவும் எடுக்கவும் வரிசை உண்டு. அதோடு மேற்கு வாயிலில் பையை வைத்துவிட்டுக் கிழக்கு வாயிலில் வெளியேற முடியாது. சிறிய பைதான் தீர்வு. தண்ணீருக்கு ஒரு லிட்டர் பாட்டில் போதும். தெருமுனைகளில் உள்ள பழைய கல்தொட்டிகள் சிலவற்றில் குடிநீர்க் குழாய் வைத்திருக்கிறார்கள், நிரப்பிக்கொள்ளலாம். நிழல் அநேகமாகக் கிடையாது. ஜூலை, ஆகஸ்ட்டில் தொப்பி இல்லாமல் போனால் பன்னிரண்டு மணிக்கே தலை சுற்றும்.

செருப்பு வேண்டாம். தெருவெல்லாம் எரிமலைப் பாறைப் பாளங்கள். வண்டிச்சக்கரம் தேய்த்த பள்ளங்கள் விரல் ஆழத்துக்கு மேல் இறங்கியிருக்கும். மழை பெய்தால் வழுக்கும். தெருவின் குறுக்கே உயரமாக நிற்கும் கற்கள் பாதசாரிகள் தண்ணீரில் கால் வைக்காமல் கடக்கப் போட்டவை. சக்கரம் அவற்றின் இடைவெளியில் போகும். படம் எடுத்தபடியே நடப்பவர்கள் கால் பிசகுவது இங்கேதான்.

வாயிலில் தரும் வரைபடத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டுக் கூகுளை நம்புவது இன்னொரு தவறு. பொம்பெயை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, தெருக்கட்டுக்கு ஒரு எண், வாசலுக்கு ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, ஃபான் (Faun) வீடு 6.12.2, வெட்டிகளின் (Vettii) வீடு 6.15.1. தெருமுனைப் பலகைகளில் பகுதி எண்ணும் கட்டு எண்ணும் ரோமன் எண்களில் இருக்கும். இந்த முறையை ஐந்து நிமிடம் விளக்கிவிட்டால், வழி தவறியவர் போனில் “ஆறாம் பகுதி, பன்னிரண்டாம் கட்டு” என்று சொன்னாலே போதும்.

இருபது பேரை ஒரே நேரத்தில் சின்ன வீட்டுக்குள் நுழைக்காதீர்கள். லூபனார் எனும் விலைமாதர் இல்லத்தின் நடைவழி குறுகலானது, அங்கே எப்போதும் வரிசை நிற்கும். குழுவைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒரு குழு அங்கே நிற்கும்போது மற்றது பக்கத்தில் உள்ள ஸ்தாபியக் குளியல் கூடத்தைப் பார்க்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊரின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில் ஆள் எண்ணிக்கை பார்த்தால் போதும், ஒவ்வொரு முனையிலும் எண்ணிக்கொண்டிருந்தால் நாள் போய்விடும். எந்த வீடு திறந்திருக்கும் என்பது நாளுக்கு நாள் மாறும். ஒரே ஒரு வீட்டை நம்பிப் பயணத்தையே அமைக்க வேண்டாம்.

தவறான கதையோடு திரும்புவது

இதுதான் எல்லாவற்றிலும் வருத்தமான தவறு, அதிகம் பேசப்படாததும்கூட. கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும் உருவங்களைக் “கல்லாகிப்போன மனிதர்கள்” என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். அவை கல்லாகியவை அல்ல. சாம்பலில் புதைந்த உடல் மட்கியதும் அதன் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மிஞ்சியது. 1863-இல் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியொரெல்லி அந்த வெற்றிடங்களுக்குள் சுண்ணச்சாந்தை ஊற்றி வார்ப்பு எடுத்தார். உள்ளே எலும்பு இருக்கிறது, ஆடை மடிப்பு வெளியே பதிந்திருக்கிறது.

அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளிலும் கவனம் வேண்டும். தங்கக் காப்பு வீட்டில் குழந்தையோடு கிடந்தவரை நெடுங்காலம் தாய் என்றே சொல்லிவந்தார்கள். 2024-இல் வெளியான மரபணு ஆய்வு அவர் ஆண் என்றும், குழந்தைக்கு உறவினர் அல்ல என்றும் காட்டியது. பழைய கைடு புத்தகத்தைப் பார்த்து விளக்கினால் இது தெரியாமலே போய்விடும். வெடித்த தேதியும் அப்படித்தான். ஆகஸ்ட் 24 என்பது வெடிப்பை நேரில் கண்ட ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினியின் கடிதப் பிரதிகளிலிருந்து வந்தது. 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் 17-க்கு இணையான தேதியோடு கரிக்கட்டை எழுத்து கிடைத்த பிறகு, இலையுதிர்காலம் என்ற கருத்து வலுத்திருக்கிறது.

இரண்டு ஊரும் ஒரே விதமாக அழிந்தன என்று நினைப்பதும் சரியல்ல. காற்று தென்கிழக்காக அடித்ததால் முதலில் பொம்பெய் மேல் பல மணி நேரம் நுரைக்கல் பொழிந்தது, கூரைகள் இடிந்தன. ஹெர்குலேனியத்தில் அப்போது அவ்வளவாக விழவில்லை. பிறகு இரவில் பாய்ந்து வந்த கொதிக்கும் சாம்பல்-வாயு வெள்ளம் அந்த ஊரை இருபது மீட்டர் ஆழம்வரை மூடியது. மரம் எரியாமல் கரியானதும், கடற்கரைப் படகுக் கொட்டில்களில் ஏறத்தாழ 300 பேரின் எலும்புகள் கிடைத்ததும் அதனால்தான். இதைத் தெரிந்துகொண்டு போனால் இரண்டு இடமும் ஒரே மாதிரி இடிபாடாகத் தெரியாது.

சுவரோவியமும் மொசைக்கும் பெரும்பாலும் தலத்தில் இல்லை, நேபிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஃபான் வீட்டில் தரையில் தெரியும் அலெக்சாந்தர் மொசைக் நகல். மூலம் நேபிள்ஸில் இருக்கிறது. அது சீரமைப்புக்காக மூடியிருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் அங்கே தவறவிடக் கூடாத பொருள் ஒன்று உண்டு. 1938-இல் பொம்பெயில் கிடைத்த இந்திய யானைத்தந்தச் சிலை, ஒரு சாண் உயரத்துக்குச் சற்று கூடுதல். லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டாலும் யட்சி என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. “ரகசிய அறை” எனும் பகுதியில் இருப்பதால், கேட்டுத் தேடிப் போகாவிட்டால் கண்ணில் படாது.

சுவரில் பெயர் கீறுவதும், நினைவாக ஒரு கல் எடுப்பதும் விளையாட்டல்ல. இத்தாலியில் 2024 ஜனவரியில் வந்த சட்டப்படி, பண்பாட்டுச் சொத்தை அசுத்தப்படுத்தினால் 10,000 யூரோவிலிருந்தும், சேதப்படுத்தினால் 60,000 யூரோ வரையிலும் தண்டம், குற்ற வழக்கு தனி. ஓவியம் உள்ள சுவரில் முதுகுப்பை உரசுவதே சேதம்தான். உள்ளே நுழையும்போது பையைக் கையில் பிடிக்கச் சொல்லுங்கள்.

திரும்பும் டிக்கெட்டை மலிவான மாற்ற முடியாத வகையில் எடுத்தால் அந்த ஒரு வண்டிக்குத்தான் செல்லும். பொம்பெய் ஸ்காவியிலிருந்து நேபிள்ஸுக்கு நாற்பது நிமிடம் என்றாலும், உள்ளூர் ரயில் தாமதத்துக்கும் கீழ்த்தளத்திலிருந்து மேலே வரவும் சேர்த்து, ரோம் வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பாகவே பொம்பெய் பிளாட்பாரத்தில் எல்லோரும் நிற்க வேண்டும்.