ஸ்டேட் எஸ்டிமேட்டர் தப்பாகச் சொன்னால் மீட்டரை மட்டும் சந்தேகிக்காதீர்கள்

2003 ஆகஸ்ட் 14, அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போன நாள். அன்று மதியம் 12:15 மணிக்கே, அங்கே கிரிட்டைக் கண்காணித்த மைசோ அமைப்பின் ஸ்டேட் எஸ்டிமேட்டருக்கு, அதாவது மீட்டர் அளவீடுகளையும் நெட்வொர்க்கின் கணினி மாடலையும் வைத்துக் கிரிட்டின் நிலையைக் கணிக்கும் மென்பொருளுக்கு, கணக்கு ஒத்துவரவில்லை. இந்தியானாவில் ஒரு 230 கிலோவோல்ட் லைன் ஆஃப் ஆகியிருந்தது, மாடலிலோ அது ஓடிக்கொண்டே இருந்தது. அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் வசதியை மறுபடி ஆன் செய்ய விட்டுப்போனது. 2:40 வாக்கில் அதைக் கவனித்து ஓடவிட்டால் மறுபடி விடை வரவில்லை. இந்த முறை ஒஹாயோவில் 2:02-க்கு ஆஃப் ஆன ஸ்டூவர்ட்–அட்லாண்டா 345 கிலோவோல்ட் லைனின் நிலை மாடலுக்கு வந்து சேரவில்லை. எல்லாம் சரியானது 4:04-க்கு. அடுத்த சில நிமிடங்களில் கிரிட் சரியத் தொடங்கிவிட்டது.

மீட்டர் எதுவும் பொய் சொல்லவில்லை, தப்பு முழுக்க நெட்வொர்க் டேட்டாவில், அதாவது எந்த லைன் ஆன், எது ஆஃப் என்று மாடலில் இருந்த தகவலில். இருந்தும் கணக்கு ஒத்துவராதபோது முதலில் மீட்டரைத்தான் தூக்கிப்போடுகிறோம், இதுதான் எனக்குத் தெரிந்து ரொம்பப் பரவலான தவறு. அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அதன் திட்ட விலக்கத்தால் வகுத்து, 3-ஐத் தாண்டினால் அந்த அளவீட்டை நீக்குவது வழக்கம். ஒரே ஒரு அளவீடு என்றால் சரி. ஒரே லைனின் இரு முனைகளிலும் மெகாவாட், மெகாவார் (எதிர்வினைத் திறனின் அளவு) எல்லாமே சேர்ந்து முரண்டு பிடித்தால், அந்த லைனின் மின்மறுப்பையோ (இம்பிடன்ஸ்) அதன் பிரேக்கர் ஆனா ஆஃபா என்ற பதிவையோ பாருங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு: மின்மறுப்பு தப்பாக இருந்தால் லோடு ஏற ஏற முரண்பாடும் ஏறும், லோடு குறைந்த நேரத்தில் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும்.

லைன் நீளத்தை ஒரு கிலோமீட்டருக்கான மின்மறுப்பால் பெருக்கிப் போட்ட பழைய எண்ணை அப்படியே நம்புவதும் ஆபத்து. அலுமினியத்தின் மின்தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும், 20 டிகிரியில் குறித்த கம்பி 70 டிகிரியில் ஓடினால் 20 சதவீத வித்தியாசம். டிரான்ஸ்ஃபார்மர் டேப் (அதன் வோல்டேஜ் விகிதத்தை மாற்றும் அமைப்பு) இன்னும் மோசம், யாரோ கையால் மாற்றிவிட்டு எழுதிவைக்க மறந்திருப்பார்கள்.

அதற்காக எல்லா லைன்களின் மின்மறுப்பையும் ஒரே நேரத்து அளவீடுகளை வைத்துக் கண்டுபிடிக்கப் போகாதீர்கள், அவ்வளவு உபரி அளவீடுகள் எங்கும் கிடையாது. சந்தேகமான நான்கைந்தை மட்டும் எடுத்து, வெவ்வேறு லோடில் பதிவான பல நேரத்து அளவீடுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அப்புறம், அளந்ததற்கும் கணித்ததற்கும் முரண்பாடு சுழியம் என்று காட்டினால் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். ஓர் அளவீட்டை நீக்கினால் நெட்வொர்க்கின் ஒரு பகுதியைக் கணிக்கவே முடியாது என்ற நிலை இருந்தால், அந்த அளவீடு என்ன உளறினாலும் முரண்பாடு எப்போதும் சுழியம்தான். பக்கத்தில் இன்னொரு மீட்டர் வைக்காமல் அதைச் சரிபார்க்க வழியே இல்லை.

தெருவுக்குத் தெரு போகும் விநியோக நெட்வொர்க்கில், எந்த வீடு எந்த ஃபேஸில் இருக்கிறது என்ற பதிவே பல இடங்களில் தப்பாக இருக்கும். அங்கே ஸ்மார்ட் மீட்டர்களின் வோல்டேஜை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்; ஒரே ஃபேஸில் இருக்கும் வீடுகளின் வோல்டேஜ் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கும். பதிவேட்டைத் திருத்திவிட்டு எஸ்டிமேட்டரை ஓட்டுங்கள்.