நூலக லிங்க் ரிசால்வர்: மேற்கோளிலிருந்து முழுக்கட்டுரைக்குப் போவது எப்படி?

தேடலில் கட்டுரை கிடைத்துவிட்டது. திறந்தால் பதிப்பாளர் தளம் பணம் கேட்கிறது. உங்கள் நூலகம் அந்த இதழுக்குச் சந்தா கட்டியிருக்கலாம். ஆனால் வேறொரு தளத்தின் வழியாகக் கட்டியிருக்கும். எந்தத் தளத்தில் உங்களுக்கு அனுமதி உண்டு என்று பார்த்து அங்கே அனுப்பிவைப்பதுதான் லிங்க் ரிசால்வரின் வேலை. 1990களின் இறுதியில் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வான் டி சொம்பெல் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. இதற்கான இணைப்பு வடிவமான ஓப்பன்யூஆர்எல் பிறகு முறையான தரநிலையானது.

படி 1: உங்கள் நூலக ரிசால்வரின் அடிப்படை முகவரியைக் கண்டுபிடியுங்கள். நூலகத் தரவுத்தளம் எதிலாவது முழுக்கட்டுரைக்கான பட்டனை அழுத்தி, திறக்கும் முகவரியில் கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும் நகலெடுங்கள். பக்கம் சட்டென்று வேறு தளத்துக்குத் தாவிவிட்டால் நூலகரிடமே கேட்டுவிடுங்கள்.

படி 2: கூகுள் ஸ்காலர் செட்டிங்ஸில் நூலக இணைப்புகள் என்ற பகுதிக்குப் போய், உங்கள் நிறுவனத்தைத் தேடி டிக் செய்து சேமியுங்கள். இதற்கு அடிப்படை முகவரி தேவையில்லை.

படி 3: ஸோட்டேரோ என்ற மேற்கோள் மென்பொருளின் செட்டிங்ஸில் ரிசால்வருக்கான பெட்டியில் அந்த முகவரியை ஒட்டுங்கள். பதிப்புக்குப் பதிப்பு இந்தப் பெட்டி இடம் மாறுகிறது, கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். மேற்கோள்களைச் சேமிக்க எத்தனையோ மென்பொருள்கள் இருந்தாலும் என் ஓட்டு ஸோட்டேரோவுக்குத்தான். இலவசம், எந்த நூலகத்தின் ரிசால்வரையும் ஏற்கும்.

படி 4: இணைப்பு வேலை செய்யாதபோது அதைப் படித்துப் பாருங்கள். என்னை அதிகம் அலையவிட்டது இந்த இடம்தான்.

கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் நீண்ட வால், ஒரு தபால் உறையின் முகவரி போன்றது: இதழின் ஐஎஸ்எஸ்என் (இதழை அடையாளம் காட்டும் எண்), ஆண்டு, தொகுதி, இதழ் எண், தொடக்கப் பக்கம், டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர அடையாளக் குறி). ரிசால்வர் இவற்றைத் தன் அறிவுத்தளத்தோடு ஒப்பிடுகிறது. எந்த இதழ், எந்தத் தளத்தில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ற பட்டியல்தான் அறிவுத்தளம். அதில் ஒரு வரி தவறாக இருந்தாலும் "கிடைக்கவில்லை" என்று வந்துவிடும், சந்தா இருந்தாலும்கூட!

முதலில் ஐஎஸ்எஸ்என்னைப் பாருங்கள். அச்சு இதழுக்கு ஓர் எண், மின்னிதழுக்கு வேறு எண். பெயர் மாறிய இதழுக்குப் புது எண்ணே வந்துவிடும். அடுத்தது பக்க எண். இணையத்தில் மட்டும் வரும் இதழ்கள் பலவற்றில் பக்கம் கிடையாது, கட்டுரை எண்தான். அதைத் தொடக்கப் பக்கமாக நிரப்பினால் சில தளங்கள் கட்டுரைக்குப் பதிலாக இதழின் முகப்பில் கொண்டுபோய் விட்டுவிடும்.

அப்புறம் டிஓஐ. 1990களின் கட்டுரைகள் சிலவற்றின் டிஓஐயில் அடைப்புக்குறி, கோண அடைப்பு, அரைப்புள்ளி எல்லாம் வரும். சிலவற்றின் கடைசி எழுத்தே # குறி. அதை உரிய குறியீடாக மாற்றாமல் ஒட்டினால், பிரவுசர் #க்குப் பிறகு வரும் எதையும் ரிசால்வருக்கு அனுப்பாது. இணைப்பின் கடைசியில் டிஓஐ இருந்தால் அதன் ஓர் எழுத்து போகும். நடுவில் இருந்தால் பின்னால் வரும் விவரம் மொத்தமும் போய்விடும். அந்த ஓர் இடத்தில் # என்பதை %23 என்று மாற்றுங்கள்.

எனக்குப் பிடித்த குறுக்குவழி: ரிசால்வரின் தேடல் படிவத்தில் மற்ற பெட்டிகளைக் காலியாக விட்டு, டிஓஐயை மட்டும் போடுவது. பல ரிசால்வர்கள் மீதி விவரத்தைக் கிராஸ்ரெஃப் என்ற டிஓஐ பதிவு அமைப்பிலிருந்து தாமே எடுத்துக்கொள்ளும். அரைகுறை விவரத்தை நிரப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

பின்சேர்க்கை: "ஸ்காலரில் போட்ட செட்டிங் காணாமல் போகிறது" என்று கேட்டிருந்தார்கள். குக்கீகளை அழித்தால் போய்விடும். கூகுள் கணக்கில் நுழைந்துகொண்டு சேமியுங்கள்.

இன்னொன்று: ரிசால்வர் சரியான கட்டுரைக்கே கொண்டுபோகிறது, ஆனால் வீட்டிலிருந்து திறந்தால் பணம் கேட்கிறது என்றால், அது ப்ராக்ஸி (வெளியிலிருந்து வருபவரை நூலகம் வழியாக உள்ளே விடும் இடைவழி) அல்லது லாகின் சிக்கலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புதிய கட்டுரைகள் மட்டும் திறக்கவில்லையா? அந்தத் தளத்தில் தடைக்காலம் இருக்கலாம். சில தளங்கள் கடைசி 12 மாத இதழ்களைத் தருவதில்லை. நூலகருக்குப் புகார் அனுப்பும்போது ரிசால்வர் பக்கத்தின் முழு முகவரியை அனுப்புங்கள். பதிப்பாளர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து அவரால் அதிகம் கண்டுபிடிக்க முடியாது.