ரசம் ஆறியதும் முகச் சிவப்பு அடங்கியது

சாப்பிட்டு முடிப்பதற்குள் மூக்கும் கன்னமும் சிவந்து எரியும். கூடவே சிறு பருக்கள். முகப்பரு மருந்து தடவினால் எரிச்சல்தான் கூடியது. முகப்பருவில் வழக்கமாக வரும், துளை அடைத்த கரும்புள்ளி ஒன்றுகூட இல்லாததைக் கவனித்த தோல் மருத்துவர், இது ரோசேசியா, முகம் அடிக்கடி சிவக்கும் நாள்பட்ட தோல் நோய் என்றார்.

வீட்டில் 'உடம்புச் சூடு' என்றார்கள். கத்தரிக்காய், கருவாடு, காபி எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தேன், பலனில்லை. அப்புறம் சாப்பிட்டதையும் சிவந்த நேரத்தையும் நோட்டில் எழுதினேன். அதில்தான் பிடி கிடைத்தது. கொதிக்கக் கொதிக்கக் குடித்த ரசத்துக்குச் சிவந்த முகம், அதே ரசம் ஆறியபின் சிவக்கவில்லை. வெறும் வெந்நீருக்கும் சிவந்தது! காபியும் அப்படியே, குற்றவாளி காபியல்ல, அதன் சூடு. மிளகாயின் காரமும் கொதிசூடும் நரம்பில் ஒரே உணர்வியைத்தான் தூண்டுகின்றன.

மசாலா டீ மட்டும் ஆறினாலும் விடவில்லை. பட்டையை எடுத்துவிட்டுப் போட்டதும் சரியாயிற்று. பட்டையிலுள்ள சின்னமால்டிஹைடு என்ற வேதிப்பொருளும் சிலருக்கு இப்படிச் செய்யும்.

இப்போது எல்லாம் வெதுவெதுப்பாகத்தான், மிளகாய் பாதி. மருத்துவர் தந்த மெட்ரோனிடசோல் களிம்பும் தொடர்கிறது. எரிச்சல் போய்விட்டது, பெரிய நிம்மதி. மூக்கோரத்து மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவை உணவால் மறையாது, லேசர் போன்ற சிகிச்சைதான் வழி.