ஹரிக்கேன் வரும்போது ஊரை விட்டு கிளம்புற ரோடு எப்ப முங்கும்னு கணிக்கிறது எப்படி

அமெரிக்க கடற்கரைல ஹரிக்கேன்னா எல்லாரும் 1ல இருந்து 5 வரைக்கும் போற கேட்டகிரில அது எத்தனைன்னு தான் பாக்குறாங்க, அது காத்து வேகம் மட்டும் தான், ரோட்டுல எவ்ளோ தண்ணி ஏறும்னு சொல்லாது. 2008ல வந்த ஐக்ங்கிற ஹரிக்கேன் வெறும் கேட்டகிரி 2, ஆனா டெக்சாஸ் பொலிவார் தீபகற்பத்துல புயல் கரையேறுறதுக்கு முந்தின நாளே 87ஆம் ஹைவே முங்கி நிறைய பேர் உள்ளயே மாட்டிக்கிட்டாங்க. அதனால எப்ப முங்கும்ங்கிற நேரம் தான் முக்கியம்.

முதல்ல ரூட்லயே ரொம்ப தாழ்வான இடம் எதுன்னு பாருங்க, மத்த ரோடெல்லாம் எவ்ளோ உசரமா இருந்தும் பிரயோஜனம் இல்ல. அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வு அமைப்பு யுஎஸ்ஜிஎஸ்ல லைடார் டேட்டா, அதாவது லேசர் வச்சு அளந்த தரை உயரம், இலவசமாவே கிடைக்குது, ரோடு நெடுக உயரத்தை எடுத்துக்கலாம். பாலம் வர்ற இடத்துல மட்டும் உஷார், பெரும்பாலும் பாலத்தை நீக்கிட்டு கீழ இருக்குற மட்டத்தை தான் அது காட்டும், பாத்து பயந்துடாதீங்க. பொதுவா முதல்ல முங்குறது பாலத்துல ஏறுற இறங்குற பக்கத்து ரோடு தான்.

அடுத்து கணக்கு, இங்க தான் நிறைய பேர் சொதப்புறாங்க. அமெரிக்காவோட நேஷனல் ஹரிக்கேன் சென்டர், சர்ஜ் (புயல் தள்ளிட்டு வர்ற கடல் தண்ணி ஏத்தம்) 6 அடின்னு சொன்னா அது வழக்கமா காஞ்சு கிடக்குற தரைக்கு மேல, அதாவது தோராயமா தினசரி ஹை டைட்டோட சராசரிக்கு மேல. லைடார் உயரம் நாவ்டி 88ங்கிற, அமெரிக்காவுல உயரத்தை அளக்குற வேற சைபர் மட்டத்துல இருந்து எடுத்தது, ரெண்டையும் அப்படியே கழிக்கக்கூடாது. பக்கத்துல இருக்குற டைட் கேஜுக்கு (கடல் மட்டத்தை அளக்குற கருவி) இந்த வித்தியாசம் எவ்ளோன்னு அமெரிக்க கடல், வானிலை அமைப்பான நோவா சைட்லயே இருக்கும். ஹை டைட் சராசரி நாவ்டி சைபருக்கு 1 அடி மேலன்னு வைங்க, 6ம் 1ம் கூட்டினா நாவ்டி கணக்குல தண்ணி 7 அடி வரும், ரோடு 4 அடில இருந்தா மேல 3 அடி நிக்கும், அலை அடிக்கிறது தனி. சின்ன கார் மிதக்க 1 அடியே போதும்.

நேரத்துக்கு அதே கேஜ்ல கணிச்ச மட்டத்தை விட நிஜ மட்டம் மணிக்கு மணி எவ்ளோ கூடுதுன்னு பாருங்க, அடுத்த ஹை டைட் எப்பன்னு சேத்துக்கிட்டா ரோட்டு மட்டத்தை எப்ப தொடும்னு ஓரளவு பிடிபடும், ஆனா கடைசில ஏத்தம் திடீர்னு வேகமெடுக்கும், அதனால கணக்குல வர்ற நேரத்துல இருந்து சில மணி நேரத்தை குறைச்சிக்குங்க. மழையும் சேந்துச்சுன்னா இன்னும் சீக்கிரம், வடிகால் வாய் கடல் தண்ணில முங்கிட்டா மழைத்தண்ணி போக இடமில்லாம ரோட்டுலயே தேங்கும்.

ஆபத்தான சர்ஜ் வரலாம்னு சொல்ற சர்ஜ் வாட்ச் சுமார் 48 மணி நேரம் முன்னாடி வரும், வரப்போகுதுன்னு சொல்ற வார்னிங் சுமார் 36 மணி நேரம் முன்னாடி. கூட வர்ற வெள்ள மேப் சராசரிய காட்டாது, அதுல போட்டதுக்கு மேல போக 10% வாய்ப்பு இருக்குற மோசமான நிலைமை அது, ரோடு அந்த மேப்ல கலர்ல இருந்தா அன்னிக்கே கிளம்பிடுங்க.