கார் கவிழ்ந்த பிறகு ஃபோர் பை ஃபோர் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு மூங்கில் குச்சி வெட்டுங்கள்

போன ஐப்பசி மழையில் என் கார் தோட்டப் பாதையில் வழுக்கி, ஒரு முறை உருண்டு, சில்வர் ஓக் மரம் ஒன்றில் முதுகு சாய்த்து நின்றது. அந்த மரம் மிளகுக் கொடி ஏற்றுவதற்காக அப்பா வைத்தது. எனக்கு இடது தோளில் ஐந்து தையல். காருக்கு எதுவும் மிச்சமில்லை.

திண்டுக்கல் மாவட்டத்து மலையில், தாண்டிக்குடிக்குக் கீழே எங்கள் காபித் தோட்டம். தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை. எட்டு வருடம் அந்தப் பாதையில் சாதாரண ஹேட்ச்பேக்கை ஓட்டியிருக்கிறேன். "இத்தனை நாள் ஓடியதே அதிர்ஷ்டம்" என்று வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. அடுத்த வண்டிக்கு வீட்டில் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ஏர்பேக் இல்லாத வண்டி வாசலுக்கு வரக்கூடாது. அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் அலைந்த கதைதான் இந்தச் செய்முறை. கார் ஓட்டத் தெரியும், கடன் வாங்கத் தெரியும், ஆனால் ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும் வண்டி) வாங்கியதில்லை என்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: பழைய காரின் கணக்கை முடியுங்கள்

பழுது பார்க்கும் செலவு, இன்சூரன்ஸ் பாலிசியில் போட்டிருக்கும் ஐ.டி.வி.யில் (வண்டியின் காப்பீட்டு மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ், அதாவது பழுது பார்க்கத் தகாத வண்டி. என் ஐ.டி.வி. 2.6 லட்சம், எஸ்டிமேட் 2.3 லட்சம். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்த மறுநாளே முடிவாகிவிட்டது.

பணம் மட்டும் வரவில்லை. காரணம் என் சோம்பேறித்தனம். கார் கடனை நான்கு வருடம் முன்பே அடைத்துவிட்டேன், ஆனால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வங்கியின் பெயரை எடுக்கவில்லை. ஆர்.சி.யில் பெயர் இருக்கும்வரை பணம் முதலில் வங்கிக்குத்தான். வங்கியில் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, பெயர் நீங்கிய பிறகுதான் காசு வந்தது. ஐந்து வாரம் போனது. கடன் முடித்தவர்கள் இதைப் படித்து முடித்ததும் உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. நசுங்கிய காரை எடுத்துப் போக வந்தவர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். போடாதீர்கள். வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் நிரப்பி, உங்களுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்ட பிறகே கொடுங்கள். வண்டியைக் கழித்துக்கட்டுவது என்று முடிவானால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் பெயரில் ஒரு செத்த வண்டியின் ஆர்.சி. ஊர் சுற்றுவது நல்லதல்ல.

நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியம் தள்ளுபடி) போய்விடும். எனக்கு 50 சதவீதம் இருந்தது, பூஜ்யமாகிவிட்டது. புது வண்டியின் இன்சூரன்ஸை முழு விலையில் கணக்குப் போடுங்கள்.

படி 2: வண்டியைப் பார்க்காதீர்கள், பாதையைப் பாருங்கள்

எல்லோரும் யூடியூபில் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான். பத்து நாள் வீணானது. அப்புறம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சொன்னார்: "தம்பி, கால் அளவு தெரியாம செருப்பு கடைக்குப் போறியே."

சரி என்று ஒரு மூங்கில் குச்சியை வெட்டி, 165, 200, 225 மில்லிமீட்டரில் கத்தியால் கோடு போட்டேன். மழை விட்ட மறுநாள் பாதை முழுக்க நடந்தேன். சக்கரத் தடம் இரண்டுக்கும் நடுவே மேடாக நிற்கும் மண்ணின் உயரத்தைத்தான் அளக்க வேண்டும், பள்ளத்தின் ஆழத்தை அல்ல. வண்டியின் வயிறு தட்டுவது அந்த நடு மேட்டில்தான். மோசமான இடத்தில் 190 வந்தது. என் பழைய காரின் கிரௌண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உயரம்) 165. எட்டு வருடமாக வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் போயிருக்கிறேன்.

அகலத்தையும் அளங்கள். எங்கள் பாதையில் இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே 2.1 மீட்டர்தான். கண்ணாடிகளை விரித்தால் பெரிய வண்டி எதுவும் நுழையாது.

மூன்றாவதாக, நான் விழுந்த இடத்தில் போய் நின்றேன். விழுந்தது ஏற்றத்தில் அல்ல, இறக்கத்தில். பிரேக்கை மிதித்தேன், சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. செம்மண் சேற்றில் நின்றுபோன சக்கரம் சோப்புக் கட்டி மாதிரி. அங்கே நின்றபோதுதான் எனக்கு வேண்டியது என்ன என்று புரிந்தது: லோ கியர்.

புதிதாக வாங்குபவர்கள் லோ கியர் ஏற்றத்துக்கு என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது இறக்கத்துக்கு. நான்கு சக்கரமும் எஞ்சினோடு பூட்டிக்கொண்டு, 4எல் என்ற அந்த லோ கியர் நிலையில், முதல் கியரில், காலை எல்லா பெடலிலிருந்தும் எடுத்துவிட்டால், வண்டி நடக்கிற வேகத்தில் தானாக இறங்கும். பிரேக் தேவைப்படுவதே அபூர்வம். சக்கரம் உருண்டுகொண்டே இருப்பதால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆகவே லோ கியர் இல்லாத எந்த வண்டியும், அது எத்தனை உயரமாக, எத்தனை முரட்டு முகமாக இருந்தாலும், என் பட்டியலில் இல்லை. நகரத்து 'ஆல் வீல் டிரைவ்' வண்டிகள் இங்கேயே கழிந்தன.

படி 3: பட்டியல்

ஏர்பேக் நிபந்தனையால் பழைய மகேந்திரா ஜீப்புகளான மேஜர், எம்.எம்.540, மாருதி ஜிப்சி எல்லாம் போயின. ஜிப்சிக்காக மனது அடித்துக்கொண்டது உண்மை. மிஞ்சியது மூன்று.

மகேந்திரா தார், 2020 அக்டோபருக்குப் பின் வந்தது. 226 மி.மீ. கிளியரன்ஸ், 650 மி.மீ. தண்ணீரில் இறங்கலாம், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம். டீசலின் இழுவைக்கு ஈடில்லை. ஆனால் அகலம் 1820. கண்ணாடியையும் சேர்த்தால் என் இரண்டு மரங்களுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். கவனம்: 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கரம் மட்டும் ஓடும் தாரும் விற்பனையில் இருக்கிறது. வெளியே பார்த்தால் ஒரே முகம். உள்ளே கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டாவது கம்பி இல்லையென்றால் அது தார் ரோட்டுக்கான தார்.

ஃபோர்ஸ் கூர்க்கா. முன்னும் பின்னும் டிஃபரென்ஷியல் லாக் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதும் சேர்ந்து சுற்றும்படி பூட்டுவது), 233 மி.மீ., 700 மி.மீ. தண்ணீர். சேற்றில் இதுதான் ராஜா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை வாங்கினால் வாரம் ஒருமுறை திண்டுக்கல் போகும் பாட்டை யார் படுவது? இன்னும் பெரியது, இன்னும் கனம்.

மாருதி ஜிம்னி. 210 மி.மீ., அகலம் 1645, எடை சுமார் 1200 கிலோ, எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக். தாரைவிட ஏறக்குறைய அரை டன் குறைவு. சேற்றில் எடை குறைவு என்பது பாதி வெற்றி. இரண்டு ஆக்சிலும் முழு ஆக்சில் (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே கட்டித் தண்டு) என்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. நான்கு மூட்டை ஏற்றினால் உடம்புதான் தாழும், ஆக்சிலுக்குக் கீழே உள்ள உயரம் மாறாது. குறை: பின்னால் இடமே இல்லை. சீட்டை மடக்காவிட்டால் 208 லிட்டர்தான். ஐந்து கதவு வந்ததால் சக்கரங்களுக்கு நடுவே நீளம் 2590, தாருக்கு 2450. கூம்பு மேட்டில் வயிறு தட்ட வாய்ப்பு ஜிம்னிக்கே அதிகம். என் பாதையில் கூம்பு மேடு இல்லை. உங்களுடையதில் இருந்தால் தாருக்குப் போங்கள்.

நான் ஜிம்னி எடுத்தேன், 2023 மாடல், செகண்ட் ஹேண்ட். புதிதாக வாங்காததற்குக் காரணம் வரி. தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள புது காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். ஜிம்னி அறிமுகமானபோது 12.74 லட்சம், இந்த விகிதத்தில் அதற்கே வரி 2.29 லட்சம். என் வண்டிக்கு முதல் ஆள் ஆயுள் வரியைக் கட்டிவிட்டார், அவர் நன்றாக இருக்கட்டும். மிச்சப் பணத்துக்குக் கடன். காபி விலை நன்றாக இருந்த வருடம் என்பதால் தைரியம்.

படி 4: ஃபோர் பை ஃபோர் உண்மையில் வேலை செய்கிறதா?

என் காலை வாரிய இடம் இது. ஏர்பேக் நிபந்தனையை மீறி, வீட்டில் சொல்லாமல், முதலில் ஒரு பழைய ஜீப்புக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். பளபளப்பான பெயின்ட், புது டயர். ஃபோர் வீல் கம்பி வெண்ணெய் மாதிரி விழுந்தது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். முன் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டே இல்லை. மைலேஜ் கூடும், சத்தம் குறையும் என்று யாரோ கழற்றி எடைக்குப் போட்டிருக்கிறார்கள். கம்பி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அட்வான்ஸில் பாதிதான் திரும்பியது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வண்டியைச் சரளைக் கல் அல்லது ஈர மண் தரைக்குக் கொண்டுபோங்கள். காய்ந்த தார் ரோட்டில் வேண்டாம். இந்த வண்டிகளில் நடு டிஃபரென்ஷியல் (முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பாகம்) கிடையாது, வளைவில் கியருக்குள் இறுகிக்கொள்ளும். 2எச்சில் (பின்சக்கரம் மட்டும் ஓடும் நிலை) ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் போடுங்கள், சுலபமாக வரும். 4எச்சில் (நான்கு சக்கரமும், லோ கியர் இல்லாமல்) அதே வட்டம். வண்டி தயங்கி, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல நகர வேண்டும், சரளை உரசும் சத்தம் வர வேண்டும். இரண்டு வட்டமும் ஒரே மாதிரி இருந்தால் முன் சக்கரத்துக்குச் சக்தி போகவில்லை.

அடுத்து 4எல். வண்டியை முழுக்க நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதித்துக் கம்பியைத் தள்ளுங்கள். டேஷ்போர்டில் விளக்கு மினுக்கினால் பயப்படாதீர்கள். ஜிம்னியில் எனக்கு மினுக்கியதும் இதுவும் கெட்டதா என்று நெஞ்சு அடைத்தது. சில அடி நேராக மெல்ல உருட்டினால் பல்லோடு பல் சேர்ந்து விளக்கு நிலையாக நிற்கும். நிற்கவே இல்லையென்றால்தான் கோளாறு. பழைய ஜிப்சி, ஜீப் சிலவற்றில் முன்சக்கர நடுவில் கையால் திருப்பும் ஹப் லாக் இருக்கும், அதைத் திருப்பாமல் சோதித்து வண்டியைக் குறை சொல்லாதீர்கள்.

பிறகு அடியில் படுங்கள். சேஸிஸில் புது வெல்டிங், அங்கே மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. சீட்டைக் கழுவுவார்கள், கார்ப்பெட்டை மாற்றுவார்கள், பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவுவதில்லை. அங்கே மண் கோடு இருந்தால் வண்டி தண்ணீர் குடித்திருக்கிறது.

படி 5: டயர், சாமான்

கம்பெனி டயர் ரோட்டுக்கானது. ஏ.டி. டயர் (ஆல் டெரெய்ன், ரோடு, மண் இரண்டுக்கும்) போடுங்கள், அதே அளவில். எம்.டி. டயர் (மட் டெரெய்ன், சேற்றுக்கானது) பார்க்க அழகு, ஈரமான மலை ரோட்டில் அழகு காப்பாற்றாது. நல்ல இழுவைப் பட்டை ஒன்று, அதை மாட்ட இரண்டு டி-ஷாக்கிள் (இரும்பு வளையம்), 12 வோல்ட் காற்றடிப்பான், ஒரு மண்வெட்டி. வின்ச் (வண்டியை இழுக்கும் மோட்டார் கயிறு) வேண்டாம், அந்தக் காசுக்கு இரண்டு டயர் வரும். முன்னால் இரும்பு பம்பர் வேண்டவே வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது, ஏர்பேக் விரியும் நேரத்தையும் அது கெடுக்கும்.

சேற்றில் இறங்கும் முன் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்குக் குறையுங்கள், தார் ரோடு ஏறியதும் நிரப்புங்கள். ஜிம்னியில் ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரை விடாதீர்கள். அப்படியே நிதானமாகப் பிடித்திருந்தால் வண்டியே அந்தச் சக்கரத்தை பிரேக் பிடித்து மற்றதற்குச் சக்தியைத் தள்ளும். பயந்து காலை எடுத்தால் அது வேலை செய்ய நேரம் கிடைக்காது. மூன்று தடவை மாட்டிய பிறகுதான் எனக்கு இது கைவந்தது.

பிற்சேர்க்கை, 2025 அக்டோபர்

போடியிலிருந்து ஒருவர் டெல்லிப் பதிவு டீசல் தார் மலிவாக வருகிறது, எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குக் கெடுபிடி என்பதால்தான் மலிவு. முதலில் அந்த ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. கையில் வருகிறதா பாருங்கள். இங்கே மறுபதிவும் வரியும் உங்கள் செலவு. அதையும் கூட்டிப் பார்த்தால் மலிவு எங்கே போனது என்று தெரியும்.

இன்னொருவர்: செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டதே, இப்போது புதிது வாங்கலாமா? குறைந்த ஜி.எஸ்.டி.யான 18 சதவீதம் என்பது நான்கு மீட்டருக்குள், பெட்ரோலில் 1200 சி.சி., டீசலில் 1500 சி.சி. வரைதான். ஜிம்னி 1462 சி.சி. பெட்ரோல், 4x4 தார் டீசல் 2.2 லிட்டர், இரண்டும் 40 சதவீதத்தில். 18-இல் வருவது 1.5 லிட்டர் டீசல் தார். அதில் லோ கியர் இல்லை. படி 2-ஐ மறுபடி படியுங்கள்.

குச்சிக்கு எவ்வளவு நீளம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரு முழம் போதும். என்னுடையது இப்போது ஜிம்னியின் பின் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. இந்த ஐப்பசியில் அளந்தேன், நடு மேடு 205-க்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் மண்வெட்டியோடு போகிறேன்.